இடது கன்னம் நீங்கலாக

ஜனவரி 20, திங்கள்.
இன்றைய பிழை: ஒளிச் சீரமைப்பு நிலையத்தின் படிவத்தில் ‘முந்தைய நிறம்’, ‘தற்போதைய நிறம்’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் தற்போதையதை எழுதிவிட்டேன், இரண்டாவதில் முந்தையதை. பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. சிறிய பிழை என்று நினைக்கிறேன்.
நாளைய வேலை: படிவத்தைத் திருத்துவது.

‘நினைக்கிறேன்’ என்ற சொல்லை அடித்தான். அது இல்லாமல் வாக்கியம் ரொம்பத் துணிச்சலாகத் தெரிந்தது. மறுபடியும் எழுதினான். எழுத்தர் பயிற்சிக்காகப் போகும் மாலை வகுப்பில் அவனுக்குத் ‘திருத்தம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றால் சும்மா வைக்கவில்லை. தினமும் ஒரு பிழை, மறுநாளுக்கு ஒரு வேலை, இரண்டையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது அந்த வகுப்பு ஆசிரியர் போட்ட விதி. மற்ற மாணவர்கள் வாரக் கடைசியில் ஏழு பிழைகளை ஒரே மூச்சில் கற்பனை செய்து எழுதுவார்கள். இவனுக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை.

அவன் குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவன். பதினேழாம் வயதில் சேர்ந்து ஏழு வருடம் தெருத்தெருவாக வெயிலில் குனிந்து மீட்டர் மூடியைத் திறந்து எண் எழுதினவன். வாரியத்தின் கணக்குப் புத்தகத்தில் இடப்பக்கக் கட்டம் இந்த மாதத்து எண்ணுக்கு, வலப்பக்கக் கட்டம் போன மாதத்து எண்ணுக்கு. புதியது முதலில், பழையது பிறகு. ஏழு வருடமாக அப்படியே எழுதின கை, நிலையத்தின் படிவத்தையும் இன்னொரு மீட்டர் என்று எண்ணிக்கொண்டு தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. அதனால் அந்தப் படிவத்தின்படி, பிறந்ததிலிருந்து அவன் முகம் புள்ளியும் திட்டுமாக இருந்தது, சமீபத்தில்தான் தெளிந்தது.

உண்மை நேர் எதிர். ஏழு வருட வெயிலில் நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம் எல்லா இடத்திலும் யாரோ தேநீரைத் தெளித்துவிட்டுத் துடைக்க மறந்தது போலிருந்தது. பொது மருத்துவமனை டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது அழகுப் பிரச்சினை இல்ல தம்பி. உன் தோல் தாங்குற வரைக்கும் தாங்கியாச்சு. இன்னொரு கோடை வெளியில சுத்தினேன்னா, அப்புறம் கத்தி வைக்கிற இடத்துக்குத்தான் அனுப்பணும். நிழல்ல வேலை பாரு.”

“நிழல்ல எங்க சார் வேலை இருக்கு?”

“அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லப்பா.”

நிழல் ஒன்றே ஒன்று இருந்தது. வாரியத்தின் தலைமை அலுவலகத்தில், புகார் வாங்கும் கவுண்டரில், மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அதில் இருந்தவர் ஓய்வு பெறுகிறார். விண்ணப்பிக்க மார்ச் 31 கடைசி நாள். ஏழு வருட அனுபவம் வேண்டும், அவனிடம் இருந்தது. மாலை வகுப்புச் சான்று வேண்டும், அதுவும் வந்துவிடும். இந்த வருடம் புதிதாக மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள்: பொதுமக்கள் காணும் இருக்கையில் அமர்பவரின் முகம் ஒரே சீரான நிறத்தில் உள்ளது என்று, ஒளி அடித்துத் தோலின் கறையை எடுக்கும் ஒளிச் சீரமைப்பு நிலையம் தரும் சான்று.

பிரிவு அதிகாரியிடம் போய்க் கேட்டான். அவர் பொறுமையாகவே விளக்கினார்.

“கவுண்டருக்கு வர்றவன் தண்ணி வரலன்னு கோவத்துல வர்றான். வந்தவன் கண்ணு உன் மூஞ்சியில ஒரு இடத்துல நிக்கணும். புள்ளி புள்ளியா இருந்தா கண்ணு அலையும். அலைஞ்சா கோவம் ஏறும். ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க.”

“யார் சார் கண்டுபிடிச்சது?”

“நிலையத்துலதான். வேற யாரு பண்ணுவா?”

படிவம் கொடுத்த மறுநாள் காலை நிலையம் திறக்கும் முன்பே வாசலில் நின்றான். வரவேற்பு மேசை அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, பையை வைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டும்வரை காத்திருந்தான்.

“மேடம், நேத்து படிவத்துல ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். ரெண்டு கட்டமும் இடம் மாறிப் போச்சு.”

“ஃபைல் உள்ள போயிடுச்சே.”

“உள்ளன்னா எங்க மேடம்?”

“லைட்டுக்கு. லைட்டுக்குப் போனது லைட் முடிஞ்சுதான் வெளிய வரும்.”

“ஒரு கோடு போட்டு மாத்தினா போதும். நானே போட்டுடறேன்.”

அந்த அம்மாளுக்கு மனது புண்பட்டது போலிருந்தது. “தம்பி, இருக்கிற கறுப்பை எடுக்கிறதுக்குத்தான் இத்தனை பெரிய மிஷினை வாங்கி வச்சிருக்கோம். நீங்க என்னடான்னா அதுமேல இன்னும் மையைப் பூசணும்ங்கிறீங்க.”

அதிலும் ஏதோ நியாயம் இருப்பதாக அவனுக்குப் பட்டது. யார் எதைச் சொன்னாலும் அதில் நியாயம் இருப்பதாகப் படுவது அவனுடைய பழைய வியாதி. அம்மாள் ஒரு அச்சிட்ட தாளைக் கொடுத்து அனுப்பினாள். சிகிச்சைக்கு முந்திய பதினான்கு நாள் முகத்தில் வெயில் படக்கூடாது என்று அதில் போட்டிருந்தது. கீழே, ‘தொழில்’ என்ற இடத்தில், வாங்கும்போதே அவன் தன் கையால் நிரப்பிய ‘மீட்டர் கணக்கெடுப்பு’ இருந்தது. இரண்டும் ஒரே தாளில் அக்கம்பக்கமாக, ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன.

விடுப்பு விண்ணப்பத்தோடு பிரிவு அதிகாரி முன்னால் நின்றான். அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு விரலை மடக்கினார்.

“பதினாலு நாள் விடுப்புன்னா மருத்துவச் சான்று வேணும். சான்றுல என்ன எழுதியிருக்கு? வெயில் ஆகாதுன்னு. வெயில் ஆகாதவன் வெளி வேலைக்குத் தகுதியில்ல. தகுதியில்லாதவனுக்கு வேலையே கிடையாது. வேலையே இல்லாதவனுக்கு நான் எப்படிப்பா விடுப்பு கொடுக்க முடியும்? சொல்லு, இதை வாங்கிக்கவா?”

விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அந்தப் பதினான்கு நாளும் பொழுது விடியும் முன்பே டார்ச் விளக்கோடு கிளம்பினான். சூரியன் எழுந்த பிறகு குடை, கையுறை, தலையைச் சுற்றி அக்காவின் பழைய துப்பட்டா. அக்கா சீருடை தைக்கும் கடையில் பொத்தான் துளை போடுபவள். அவனும் அவளும் மட்டும்தான் வீட்டில்.

“திருடப் போறவன்கூட இதைவிட நல்லா உடுத்திக்கிட்டுப் போவான்டா,” என்று சொல்லிக்கொண்டே முடிச்சை இறுக்கிவிட்டாள்.

அவள் வாய் முகூர்த்தம், மூன்றாம் நாள் ஒரு வீட்டுக்காரம்மாள் கையில் துடைப்பத்தோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

“யார்றா அது?”

“மீட்டரும்மா.”

“மீட்டர்க்காரனை எனக்குத் தெரியும். மூஞ்சி பூரா புள்ளியா இருக்கும். துணியை எடு, பாக்கறேன்.”

சூரியன் இன்னும் எழவில்லை, விதிப்படி எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு எடுத்தான். அவள் அவன் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அவன் முகத்திலேயே அடித்தாள்.

“ஆமா, நீதான். அந்தப் புள்ளி மட்டும் இல்லேன்னா இன்னைக்கு உன் மண்டை உடைஞ்சிருக்கும்.”

அன்றைய பிழையாக ‘டார்ச் வெளிச்சம், மூன்று வினாடி’ என்று எழுதினான். அது கணக்கில் வருமா என்று யாரைக் கேட்பது எனத் தெரியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள். நிலையத்தின் கூடத்தில் அத்தனை ஜன்னலிலும் கனத்த கறுப்புத் திரை. முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் வெயிலில் வேலை செய்கிறவர்கள்: தபால் கொண்டுபோகிறவர், சாலையில் கோடு போடுகிறவர், சாரம் கட்டுகிறவர். சிகிச்சைக்கு முன் இயக்குநரின் உரையைக் கேட்டாக வேண்டும். கேட்டதற்குக் கையெழுத்து உண்டு.

இயக்குநர் வந்தார். நெற்றியிலிருந்து கழுத்துவரை ஒரே நிறம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் பேசுவது போலிருந்தது. எங்கே சிரிக்கிறார், எங்கே கோபப்படுகிறார் என்று ஒன்றும் பிடிபடவில்லை.

“சூரியனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்,” என்று தொடங்கினார். “இத்தனை கோடி வருஷமா வேலை பாக்கிறான். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயாவது ஒப்புதல் கையெழுத்து வாங்கியிருக்கானா? கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்திருக்கானா? அளவு உண்டா? நேரம் உண்டா? பொறுப்பே இல்லாம ஊரையெல்லாம் கொளுத்திட்டு சாயங்காலமானா போயிடறான். அந்தக் குப்பையை அள்ளறது நாம. ஆனா ஒண்ணு சொல்லியாகணும். இந்த நிலையத்துக்கு ஆள் அனுப்புறதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல. அதனாலதான் நம்ம சின்னத்துல சூரியனைப் போட்டிருக்கோம். நன்றி மறக்கக் கூடாது.”

ஊழியர்கள் கைதட்டினார்கள்.

“இங்க யாரையும் நாங்க அழகாக்கறதில்ல. அழகுங்கிறது அவனவன் அபிப்பிராயம். நோயையும் பாக்கறதில்ல, அதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. எங்களுக்குச் சீர்தான் முக்கியம். ஒரு செவுரு நல்லா இருக்கா கெட்டு இருக்கான்னு யாரு பாக்கறா? ஒரே நிறமா இருந்தா ஜனங்க நம்பிச் சாஞ்சுக்குவாங்க. உள்ள செங்கல் இருக்கா இல்லையாங்கிறது அப்புறம்.”

சாரம் கட்டுகிறவர் இவன் பக்கம் சாய்ந்து, “நான் சாயமாட்டேன்பா,” என்றார்.

அடுத்து நிற அலுவலர். பெயிண்ட் கடையில் வைத்திருப்பது போல நூறு அட்டைகளை வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றாக அவன் தாடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாற்பத்தொன்றா நாற்பத்திரண்டா என்பதில் அவருக்கு அரைமணி நேரம் ஆனது.

“கவுண்டர்ல என்ன விளக்கு?”

“ட்யூப்லைட் சார்.”

“அப்ப நீங்க நாற்பத்தொண்ணு.”

“வீட்டுல குண்டு பல்பு சார்.”

“வீட்டுல நீங்க யாரா வேணும்னாலும் இருந்துக்குங்க.”

அறைக்குள் படுக்க வைத்தார்கள். கண்ணுக்கு இருட்டுக் கண்ணாடி, கன்னத்தில் ஜில்லென்று ஏதோ களிம்பு. முதல் தடவை சோதனைக்கு ஒரு சிறு இடத்தில் மட்டும்தான் ஒளி அடிப்பார்கள், ஒரு மாதம் கழித்துக் குழு பார்த்து முடிவு சொல்லும் என்றார்கள். கண்ணாடிக்குள்ளேயே பளீரென்று மின்னியது. ரப்பர் பேண்டை இழுத்து விட்டாற்போல் கன்னத்தில் சுரீரென்றது. முடி கருகின வாசனை. அவ்வளவுதான்.

இடது கன்னத்தில் ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடம். அக்கா நிஜமாகவே ஒரு பொத்தானை வைத்து அளந்தாள். முதல் இரண்டு நாளில் அது கறுத்தது. பிறகு காப்பித்தூள் ஒட்டினது போல் பொருக்கானது. ஒன்பதாம் நாள் காலை முகம் கழுவும்போது பொருக்கு தானாகவே உதிர்ந்து போனது.

அக்கா வெளிச்சத்துக்கு அவனைத் திருப்பினாள். கேலியாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. வந்தது வேறு பேச்சு.

“இது உன் பதினேழு வயசுடா. நீ முதல் நாள் வேலைக்குப் போனியே, அன்னைக்கு இந்த மூஞ்சிதான் போச்சு.”

“பொத்தான் அளவுதானேக்கா.”

“மிச்சத்தையும் எடுத்துக் கொடுத்துடுவாங்கல்ல?”

“கொடுத்துடுவாங்க.”

அன்றைக்கு முதல்முறையாக நோட்டில் பிழை எதுவும் எழுதத் தோன்றவில்லை. வகுப்பில் ஆசிரியர் அதையே பிழையாகக் குறித்துக் கொடுத்தார்.

அதன் பிறகு அவன் அந்தப் பொத்தானை வீட்டில் ஒரே ஒரு பண்டம் வைத்திருக்கிறவன் காப்பது போலக் காத்தான். வெளியே போகும்போது அதன்மேல் தனியாக ஒரு பஞ்சு ஒட்டிக்கொண்டான். கண்ணாடியில் ஒரு கையால் முகத்தை மறைத்து, விரல் இடுக்கில் அந்த இடத்தை மட்டும் பார்ப்பான். இப்படியே மொத்த முகமும் வந்துவிடும், கவுண்டர் நாற்காலி வந்துவிடும், டாக்டர் சொன்ன கத்தி வராது. மூன்றும் அந்தப் பொத்தானில் மாட்டியிருந்தன.

மார்ச் 3, திங்கள். குழு கூடியது. மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலி. ஒன்றில் இயக்குநர், ஒன்றில் நிற அலுவலர். மூன்றாவது தோல் மருத்துவருக்கு உரியது. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பணியிடம் காலி. கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு முறையும் ‘மறுப்பு தெரிவிக்கவில்லை’ என்று அந்த நாற்காலிக்கும் பதிவு செய்தார்கள்.

நிற அலுவலர் கோப்பைத் திறந்தார். முந்தைய நிறம், தற்போதைய நிறம் இரண்டையும் படித்தார். அட்டைகளோடு எழுந்து வந்து அவன் முகத்தை நான்கு பக்கமும் அளந்தார்.

“முகம் முழுக்க முந்தைய நிறத்துலயே இருக்கு சார். புள்ளிகள்லாம் சீராப் பரவியிருக்கு, குறையே சொல்ல முடியாது. இடது கன்னத்துல மட்டும் ஒரு மாறுபாடு. பொத்தான் அளவு.”

“அடடா,” என்றார் இயக்குநர். “வெயிலா?”

அவன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். “சார், அது நீங்க லைட் அடிச்ச இடம். அதுதான் சார் என் நிஜ நிறம். மிச்சம்தான் வெயில். நான் கட்டத்தை மாத்தி எழுதிட்டேன். மறுநாளே வந்து சொன்னேன், மேடத்தைக் கேளுங்க.”

“தம்பி, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“மீட்டர் கணக்கெடுக்கிறேன் சார்.”

“ஒரு வீட்டுல போய் எண்ணைக் குறிச்சுட்டீங்க. வீட்டுக்காரர் வந்து, நான் அவ்வளவு தண்ணி புடிக்கலங்கிறார். என்ன சொல்லுவீங்க?”

அவன் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான். ஏழு வருடமாக, தெருவுக்குப் பத்துப் பேரிடம், ஒரு எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறான். வாயில் தானாக வந்து நின்றது.

“எழுதினதுதாங்க கணக்கு.”

“பாத்தீங்களா? உங்களுக்குத் தெரியாததா?”

“அப்ப முகம் முழுக்க லைட் அடிச்சுடுங்க சார். எல்லாம் ஒண்ணாயிடும்.”

“முந்தைய நிறத்துல இருக்கிறதை நாங்க தொடக்கூடாது. தொட்டா அது சேதம். மாறுபாட்டை மட்டும்தான் சரி பண்ண முடியும். அதோட முகம் முழுக்கன்னா ஆறு மாசம் ஆகும். உங்க கடைசித் தேதி என்ன?”

“முப்பத்தொண்ணு.”

“சோதனைக்கு முன்னாடியே எங்களைக் கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே சான்று கொடுத்திருப்போம். அப்ப நூத்துக்கு நூறு சீரா இருந்தீங்க.” இயக்குநர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது, முகத்தில் தேடியும் கிடைக்கவில்லை. “பரவாயில்ல. சின்ன இடம்தான். ஆனா எங்க மிஷின் கறுப்பை எடுக்கும், கொடுக்காது. கொடுக்கிற வேலையை நாங்க வெளியில விடறோம்.”

“வெளியில யார்கிட்ட சார்?”

இயக்குநர் ஜன்னலின் கறுப்புத் திரையைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

சீட்டு அச்சாகி வந்தது. ‘வெயில் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும், இடது கன்னம் நீங்கலாக. இடது கன்னத்துக்கு நேரடி வெயில், காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை, இருபத்தொரு நாள்.’ கூடவே ஒரு கெட்டி அட்டை முகமூடி, காதில் மாட்ட ரப்பர் கயிறோடு. கண்ணுக்கும் மூக்குக்கும் திறப்பு இருந்தது. கன்னத்துக்கு இல்லை. அந்தத் துளையைப் போட்டுக்கொள்வது பயனாளியின் பொறுப்பு என்று பின்பக்கம் அச்சிட்டிருந்தார்கள்.

அங்கிருந்து நேராகப் பிரிவு அதிகாரியிடம் போனான். இந்த முறை விடுப்பு கேட்கும் தேவை இருக்கவில்லை. அவர் சீட்டைப் படித்துவிட்டு மனம் குளிர்ந்து போனார்.

“பத்துல இருந்து ரெண்டு. நம்ம ரவுண்டு நேரம்தானேப்பா! இதைத்தான் ஆரம்பத்துலயே எழுதிக் கொடுத்திருக்கணும். நம்ம வாரியமும் அவங்களும் எவ்வளவு ஒத்துப்போறோம் பாரு.”

வீட்டுக்கு வந்து முகமூடியை மேசைமேல் வைத்தான். அக்கா சீட்டை இரண்டு தடவை படித்தாள்.

“போகாதடா. இந்த வேலையும் வேண்டாம், அந்த நாற்காலியும் வேண்டாம்.”

“போகலேன்னா முப்பத்தொண்ணுக்கு அப்புறம் கோடை முழுக்க வெளியிலதான்க்கா. முகம் முழுக்க. போனா இருபத்தொரு நாள், அதுவும் பொத்தான் அளவுதான்.” சொல்லும்போதே அதில் நியாயம் இருப்பதாக அவனுக்குப் பட்டது. அப்படிப் பட்டதுதான் அவனைப் பயமுறுத்தியது.

“அவனுங்க எடுத்துக் கொடுத்தது அது ஒண்ணுதானேடா. அதையுமா?”

அவன் முகமூடியை அவள் பக்கம் நகர்த்தினான். அக்கா தையல் பெட்டியைத் திறந்து துளை போடும் கத்தரியை எடுத்தாள். முகமூடியை அவன் முகத்தில் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டாள். அளவு சரியா என்று பார்க்கக் கட்டை விரலை அந்த இடத்தில் வைத்தவள், உடனே எடுக்கவில்லை. கடையில் ஒரு நாளைக்கு நானூறு துளை போடுகிற கை, இந்த ஒன்றுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. வேலை மட்டும் சுத்தமாக இருந்தது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை.

அவன் நோட்டை எடுத்தான்.

மார்ச் 3, திங்கள்.
இன்றைய பிழை: புதிதாக ஒன்றும் இல்லை. ஜனவரி 20-ஆம் தேதியின் பிழை நடப்பில் உள்ளது.
நாளைய வேலை: ஏழாம் தெரு, வீடு 1 முதல் 64 வரை. பத்து மணிக்குத் தொடங்க வேண்டும். உச்சிவரை தெற்கு நோக்கி இறங்கி ஒற்றைப்படை வீடுகள். உச்சி சாய்ந்ததும் வடக்கு நோக்கி ஏறி இரட்டைப்படை வீடுகள். அந்த வரிசையில் போனால் இரண்டு மணிவரை வெயில் இடது பக்கமே இருக்கும்.